பதம் கடந்த மது

மதுவைப் பற்றித் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் கட்டுரை வரைதல் தகுமா என்னும் ஐயம் இதனை எழுதத் தொடங்கும்போதே எனக்கு எழுந்தது. அந்த ஐயம் நியாயமானதே. இந்நாட்டுத் தோட்டப்புறங்களில் கள்ளுக்கடை விளைத்த கேட்டினை நூல்களில் மட்டும் படித்து அறிந்தவன் அல்லேன் நான். சம்பள நாள் மாலைகளில், தந்தையாரை அழைத்துவருமாறு கள்ளுக்கடை வாசலுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களுள் நானும் ஒருவன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். 1947-இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். இத்தகைய வரலாறுடைய சமுதாயத்தில் பிறந்தவன் மதுவின் சுவையைப் புகழ்ந்தெழுத நாணவேண்டும்.

அவ்வாறாயின் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நான் எழுதப்புகுவது மதுவின் பெருமையை அன்று. என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதுவும் ஒரு மிடற்றளவு, மதுவைச் சுவைத்தேன். அம்மது பதம் கடந்து கெட்டுப்போன ஒன்று. அதன் முன் நான் நடந்துகொண்ட முறை இன்றும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. முதுமையடைந்த ஒன்றின் முன் நாம் எவ்வாறு நடந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம் என்பதே இக்கட்டுரையின் வினா.

2019-ஆம் ஆண்டு டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் பிரான்சு நாட்டின் போர்தோ நகருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என்னிடம் தொடக்கப்பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் அந்நகரை அடுத்த ஒரு விமானத் தொழிற்கூடத்தில் பொறியாளராக இருந்தார். பத்து நாள் தம் வீட்டில் தங்கவேண்டும் என்று பயணச்சீட்டையும் அவரே அனுப்பியிருந்தார். அவருடைய அண்டைவீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்; மனைவியை இழந்தவர். மலேசியாவிலிருந்து ஓர் ஆசிரியர் வந்திருக்கிறார் எனக் கேள்வியுற்று ஒருநாள் எங்கள் இருவரையும் மாலை உணவுக்கு அழைத்தார். அழைத்ததோடு நில்லாமல், தாம் நெடுநாள் காத்துவைத்திருக்கும் ஒரு புட்டியை அன்று திறக்கப்போவதாகவும் சொல்லி அனுப்பினார்.

நான் மது அருந்துவதில்லை என்பதை மாணவர் அவரிடம் முன்னரே கூறியிருந்தார். "குடிக்க வேண்டாம், சுவைத்தால் போதும்" என்பது அவருடைய மறுமொழி. அந்நாட்டில் இவ்விரண்டும் வேறு வேறு. மதுவைத் தரம் பிரிப்போர் வாயிலிட்டு ஆய்ந்து உமிழ்ந்துவிடுவர், விழுங்குவதில்லை. ஒரு நாளில் பல பத்து மதுக்களை மதிப்பிடுபவர் விழுங்கிக்கொண்டிருந்தால் பத்தாவதற்குப் பின் அவர் மதிப்பீட்டை யார் நம்புவர்? விடைத்தாள் திருத்துவோர்க்கும் இப்படி ஏதேனும் வழியிருந்தால் நலம் என்று அப்பொழுது எண்ணிக்கொண்டேன்.

போர்தோவின் மதுப் பெருமையை விரிவாகக் கூற இங்கு இடமில்லை. 1855-இல் பாரிசு நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக, மெதோக் பகுதியின் புகழ்மிக்க தோட்டங்களை ஐந்து தரங்களாக வகுத்துப் பட்டியலிட்டனர். அப்பட்டியல் இன்றளவும் வழக்கில் உள்ளது. 1973-இல் ஒரு தோட்டம் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்திற்கு உயர்ந்ததைத் தவிரக் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை. ஒரு முறை எழுதிய தேர்வின் முடிவை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் போற்றும் மக்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம் நண்பர் வைத்திருந்த மது அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சிறு தோட்டத்தினுடையது.

மது எவ்வாறு முதிர்கிறது என்பதை ஓரளவேனும் அறிந்தாலன்றி அன்று நிகழ்ந்தது விளங்காது. சிவப்பு ஒயினுக்கு நிறத்தையும் துவர்ப்பையும் பெரும்பாலும் தருபவை திராட்சையின் தோலும் விதையுமே. தோலில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளும், தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்பொருளும், சாறு நொதிக்கும்போது அதில் இறங்குகின்றன. இளமையில் அந்தத் துவர்ப்பு, வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தாற்போல நாவை இறுகப் பிடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, இறுதியில் கரைந்து நிற்க இயலாமல் அடியில் வண்டலாகப் படிகின்றன. துவர்ப்புத் தணிகிறது. ஊதா கலந்த செந்நிறம் மாதுளையின் நிறமாகி, பின்னர் விளிம்பில் செங்கல் நிறங்கொண்டு, முடிவில் பழுப்பாகிறது. புதுப்பழத்தின் மணம் மெல்லக் குறைய, தேவதாரு மரம், புகையிலை, பதனிட்ட தோல், மழையில் நனைந்த சருகு ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் தோன்றுகின்றன. இம்மாற்றத்தில் உயிர்வளிக்கும் பங்குண்டு என்பதை லூயி பாஸ்டர் 1866-இல் வெளியிட்ட மது பற்றிய நூலிலேயே விளக்கினார். மிகச் சிறிதளவு உயிர்வளி மதுவை முதிர்விக்கிறது. அளவு மிகுந்தால் அதுவே மதுவைக் கெடுக்கிறது. வளர்க்கும் கையும் அழிக்கும் கையும் ஒன்றாக இருக்கக் காண்கிறோம்.

எல்லா மதுவும் வைத்திருக்க வைத்திருக்கச் சிறக்கும் என்று எண்ணுவது பிழை. உலகில் வடிக்கப்படும் ஒயினில் மிகப் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அருந்துதற்கே உரியது. நெடுங்காலம் நிற்கவல்லவற்றுக்கும் ஏற்றம், உச்சம், இறக்கம் என்னும் மூன்று நிலைகள் உண்டு. சரியாகப் பேணுவதாயின் ஏறத்தாழப் பன்னிரண்டு பதின்மூன்று செல்சியசு குளிர்ச்சியில், ஒளி படாமல், தக்கை உலராதவாறு கிடத்தி வைத்தல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் அலமாரியில் நிறுத்தி வைத்தால் மூன்று நிலைகளையும் அது விரைந்து கடந்துவிடும். உச்சம் எப்பொழுது என்பதைப் புட்டியின் வெளியே நின்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. திறந்தால்தான் தெரியும், திறந்தாலோ அந்தப் புட்டி முடிந்தது. டுரியான் பழத்தில் இத்தொல்லை இல்லை. அது தானே பழுத்துத் தானே விழுந்து தன் நாளை அறிவித்துவிடுகிறது.

நம் நண்பரின் மது 1975-ஆம் ஆண்டினது. அவர் ஆசிரியப் பணியேற்ற ஆண்டும் அதுவே. 1972, 1973, 1974 ஆகிய மூன்றாண்டுகளும் போர்தோவுக்குச் சிறப்பாக அமையவில்லை. அவற்றுக்குப் பின் வந்த 1975-ஐ மக்கள் பெரிதும் வரவேற்றனர். ஆயினும் அவ்வாண்டின் திராட்சை தடித்த தோலுடையது. மது கடுந்துவர்ப்புக் கொண்டது. துவர்ப்பு மிகுந்தால் மது நெடுநாள் வாழும் என்பது பொது நம்பிக்கை. ஆகவே காத்திருங்கள், காத்திருங்கள் என்றே எல்லாரும் அறிவுரை கூறினர். அது புட்டியில் அடைபட்டுக் கடைக்கு வந்தபோது, இளம் ஆசிரியராகிய இவர் ஒரு பெட்டி வாங்கினார். பன்னிரண்டு புட்டிகள்.

முதற்புட்டியைத் திருமணத்தின்போது திறந்தார். வாயில் வைக்க இயலவில்லை. மகள் பிறந்தபோது திறந்ததும் அவ்வாறே. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் துவர்ப்பு விடவில்லை. ஆனால் பழச்சுவை மட்டும் சற்று மெலிந்திருந்தது. நடுவில் சில புட்டிகள் நண்பர்க்குச் சென்றன. அவற்றுள் ஒன்று மட்டும் மிக நன்றாக இருந்தது என அவருடைய மனைவி பல்லாண்டு சொல்லிக்கொண்டிருப்பாராம். 2013-இல் பணி ஓய்வு பெற்ற நாளில் பதினொன்றாவதைத் திறந்தார். துவர்ப்பு ஒருவாறு தணிந்திருந்தது. ஆயின், துவர்ப்பு தணிவதற்கென்று காத்திருந்த அத்தனை ஆண்டுகளில் பழச்சுவையும் உடன் தேய்ந்து போயிருந்தது. 1975-இன் மதுக்கள் பலவற்றுக்கு இதுவே நேர்ந்தது என்று மதுவை அறிந்தோர் கூறுவர். கடுமை மாறட்டும் எனக் காத்திருந்தனர். கடுமை மாறியபோது, எதற்காகக் காத்திருந்தனரோ அது இல்லை. இதைக் கேட்டபோது எனக்குச் சில தந்தையரின் நினைவும், மறைக்காமற் சொல்வதாயின், சில தலைமையாசிரியர்களின் நினைவும் வந்தன.

பன்னிரண்டாவதைத் திருமணப் பொன்விழாவிற்கு என வைத்தனர். மனைவியார் அதற்குள் காலமாகிவிட்டார். தகுந்த நாளுக்காக மதுவைப் பூட்டி வைத்து, நாளும் வராமல் மதுவும் கெட்டுப்போகும் நிலை உலகெங்கும் உண்டு போலும். இதனைக் கண்டே அமெரிக்க நாளிதழ் ஒன்றில் மது பற்றி எழுதிவந்த ஒரு தம்பதியர், அவ்வாறு வைத்திருக்கும் புட்டியைத் திறந்தே தீரவேண்டிய இரவு என ஆண்டுக்கொரு நாளை 1999-இல் ஏற்படுத்தினர். பிப்ரவரித் திங்களின் இறுதிச் சனிக்கிழமை அதற்குரியது. தகுந்த நாள் தானாக வராது, நாமே ஒரு நாளைத் தகுதியாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கருத்து. நம் நண்பருக்கு அத்தகைய நாள், ஓர் அயல்நாட்டுப் பள்ளியாசிரியன் வந்து சேர்ந்த நாளாக அமைந்தது.

அன்று மாலை நாங்கள் சென்றபோது புட்டி மேசைமீது நின்றுகொண்டிருந்தது. வண்டல் அடியில் தங்கவேண்டி முன்தினமே அதை நிமிர்த்தி வைத்திருந்தார். மதுவின் மட்டம் புட்டியின் கழுத்திலிருந்து தோள்வரை இறங்கியிருந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகளில் தக்கையின் வழியே சிறிது சிறிதாகப் போன அளவு அது. என் மாணவர் அதனைக் கண்ட உடனேயே என்னைத் திரும்பிப் பார்த்தார். மட்டம் அவ்வளவு இறங்கினால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்பது பொருள். பழந்தக்கை திருகாணிக்கு நில்லாது பொடிந்துவிடும் என்பதால், இரண்டு மெல்லிய தகடுகளையுடைய ஒரு கருவியைத் தக்கையின் இருபுறமும் செருகி, அசைத்து அசைத்து முதியவர் அதனை வெளியே எடுத்தார். பின்னர் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, புட்டியின் கழுத்தை அதன் ஒளிக்கு நேரே பிடித்து, மிக மெல்ல ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றலானார். வண்டலின் முதல் நூல் கழுத்தில் தோன்றியதும் நிறுத்தினார். கை நடுங்கவில்லை.

தெளியவைத்த மதுவுக்குத் தேறல் என்பது பழந்தமிழ்ப் பெயர். தேறுதலாவது தெளிதல். தேர்வில் மாணவன் தேறினான் என்று நாம் நாளும் சொல்லும் சொல்லும் இதுவே. அவனிடமிருந்த கசடு அடியில் தங்கிவிட்டது என்னும் நம்பிக்கையிற் சொல்கிறோம். யவனர் நன்கலங்களிற் கொணர்ந்த மணமிக்க மதுவைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது நடுநிலக்கடல் நாட்டு மதுக்குடங்களின் ஓடுகள் கிடைத்தன. நிலத்திற் புதைத்து முதிரவைத்த கள்ளையும், மூங்கிற் குழாயில் விளைந்த தேறலையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுக்கவேண்டியிருந்ததற்கும் அதுவே காரணம். மேசைக்குத் திரும்புவோம்.

குவளையில் ஊற்றிய மது தேநீரைப் போலத் தெளிந்த பழுப்பாக இருந்தது. முதியவர் எதுவும் பேசாமல் குவளையை மூக்கின் அருகே கொண்டுசென்று கண்ணை மூடிக்கொண்டார். நானோ அந்நேரத்தில் என்ன சொல்வது என்று சிந்தித்துக்கொண்டிருந்தேன். இத்துணை ஆண்டுகள் காத்த பொருளை நமக்காகத் திறந்திருக்கிறார். தகுந்த பாராட்டுரை வேண்டுமே என்று உள்ளத்தில் ஒரு வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி விழாக்களில் நன்றியுரை கூறிப் பழகியவர்க்கு இது கைவந்த கலை. மாணவர் ஒரு மிடறு பருகிவிட்டுத் தமிழில் என்னிடம், "சார், இது போயிருச்சு. புளிப்புத்தான் மிச்சம்" என்று மெல்லச் சொன்னார். நானும் ஒரு மிடறு வாயிலிட்டேன். மெலிந்த புளிப்பு; அதன் பின்னால் உலர்ந்த ஒரு துவர்ப்பு; அடிபட்ட ஆப்பிளின் வாடை. அவர் சொன்னது மெய்யே.

முதியவர் கண்ணைத் திறந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். "மிக அருமையாக இருக்கிறது, இத்தகைய பேற்றினை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்" என்றேன் மாணவரிடம். அவரும் என் சொற்களுக்கு இன்னும் சற்று மெருகூட்டிப் பிரெஞ்சு மொழியிற் கூறினார் என்பது அவர் எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தெரிந்தது.

முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கூறினார்: "இல்லை. இது முடிந்துபோன மது. ஆறாண்டுகளுக்கு முன்பே எனக்குத் தெரியும். ஆனால் ஊற்றியவுடன், முதல் ஓரிரு நிமிடம், ஒரு மணம் வந்தது. பென்சில் சீவும்போது வருமே, அது. என் மனைவி எப்பொழுதும் சொல்லும் மணம். நீங்கள் ஆசிரியர் ஆயிற்றே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். வந்ததா?"

எனக்கு வரவில்லை. குவளையை மீண்டும் மூக்கருகே கொண்டுசென்றேன். ஈரச் சருகின் வாடையும் காடியின் கூர்மையுமே இருந்தன. மிகப் பழைய மது திறந்த சில நிமிடங்கள் மலர்ந்து காட்டிவிட்டு உடனே அடங்கிவிடும் என்பதைப் பின்னர்க் கேட்டறிந்தேன். முப்பதாண்டுகள் முதலாம் ஆண்டு வகுப்புகளின் பென்சில் தூளோடு வாழ்ந்தவன் நான். உலகில் வேறெந்த மணம் தப்பினாலும் அது எனக்குத் தப்பியிருத்தல் கூடாது. அது என் மூக்கின்முன் இருந்த நேரத்தில் நான் அதனைப் புகழ்வதற்குச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். போய்விட்டது என்று தீர்ப்பளித்த மாணவருக்கும் அது கிட்டவில்லை. மூவருள் ஒருவர் மட்டுமே அந்த மதுவைச் சுவைத்தார்.

சுவை பற்றிய தத்துவத்தில் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. செர்வாந்தெசு 1615-இல் வெளியிட்ட டான் குயிக்சோட் இரண்டாம் பாகத்தில் வருவது. டேவிட் ஹியூம் 1757-இல் சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் அதனை எடுத்தாண்டார். ஒரு பீப்பாய் மதுவை இருவர் ஆய்ந்தனர். ஒருவர், நல்ல மதுவே, ஆயினும் சற்றுத் தோல் வாடை உண்டு என்றார். மற்றவர், இரும்பின் சுவை தட்டுகிறது என்றார். சுற்றியிருந்தோர் இருவரையும் எள்ளி நகைத்தனர். பீப்பாய் காலியானபோது அடியில், தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடந்தது. நுண்ணிய சுவையுணர்வு வெறுங்கற்பனை அன்று. பொருளில் உள்ளதையே அது கண்டறிகிறது என்பதற்கு ஹியூம் இக்கதையைச் சான்றாக்கினார். அக்கதையில் எனக்குப் பிடித்தது சாவி அன்று. அவ்விருவரும் முதலில் மது நன்று என்றனர். குறையையும் உடன் கூறினர். இரண்டையும் ஒரே மூச்சில் கூறினர். அவ்வாறு கூற ஒருவன் முழுக் கவனத்தையும் குவளையில் வைத்திருத்தல் வேண்டும்.

நம்மிற் பலர் குவளையை விட்டுவிட்டுப் புட்டியின்மேல் ஒட்டிய சீட்டையே சுவைக்கிறோம். இது வெறும் வசை அன்று. போர்தோவிலேயே ஆய்வாளர் சிலர் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து, மது வடிக்கும் கலையைப் பயிலும் ஐம்பத்து நான்கு மாணவர்களிடம் கொடுத்தனர். அவர்கள் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் அதன் மணத்தை விவரித்தனர். இவ்வாய்வு 2001-இல் வெளிவந்தது. கண் சொன்னதை மூக்கு ஏற்றுக்கொண்டது. 1985 டிசம்பரில் இலண்டன் ஏலம் ஒன்றில் 1787-ஆம் ஆண்டினது எனப்பட்ட ஒரு புட்டி, அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜெபர்சனுக்கு உரியது என்ற பெயரால் 1,05,000 பவுனுக்கு விலைபோனது. வாங்கியோர் அதனைக் காட்சிக்கு வைத்தனர். விளக்கின் வெம்மையில் தக்கை உலர்ந்து புட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது. அது ஜெபர்சனுடையதுதானா என்னும் ஐயமும் பின்னர் வலுத்தது. அம்மதுவை எவரும் சுவைக்கவில்லை, எல்லாரும் போற்றினர்.

இனி நான் கூறிய பொய்க்கு வருகிறேன். விருந்தளிப்பவரின் மனம் நோகாமல் ஓர் இன்சொல் கூறினேன், இதிற் குற்றம் என்ன என்று பலர் கேட்கக்கூடும். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடந்தருகிறார் அல்லவா? ஆம், அவர் வைத்த நிபந்தனையை மட்டும் நாம் எளிதாகத் தாண்டிவிடுகிறோம். என் பொய் யாருக்கு என்ன நன்மை தந்தது? மேசையில் இருந்தோர் மூவர். மது முடிந்துவிட்டது என்பது மூவருக்கும் தெரியும். அந்த உண்மையை அவர் ஒருவரே தனித்துச் சுமக்குமாறு நாங்கள் இருவரும் ஒதுங்கிக்கொண்டோம். எனக்கு நன்மை உண்டு. நான் பண்பாளன் என்னும் பெயரோடு எழுந்திருக்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது பாராட்டு அன்று. உடன் சுவைக்க ஒருவர்.

அவருக்கு உண்மை தெரியாமலிருந்தால்? அப்பொழுதும் சொல்லத்தான் வேண்டுமா? இது கடினமான வினா. கேளாதவரிடம் வலியச் சென்று உன் மது கெட்டது என்று கூறுவது வாய்மை ஆகாது, அது செருக்கு. ஆயின் கேட்டவரிடம் மறைப்பது அவரைச் சிறுபிள்ளையாக்குவது. வகுப்பறையில் நாம் சிறுபிள்ளைகளிடம்கூட அவ்வாறு செய்வதில்லை. பிழையைச் சிவப்பு மையால் சுழிக்கிறோம். நல்ல வரியின் அருகே ஒரு சரி போடுகிறோம். இரண்டையும் செய்யக் கட்டுரையை முழுதும் படித்தாக வேண்டும். படிக்காமலேயே 'நன்று' என எழுதிக் கையொப்பமிடும் ஆசிரியரைப் பற்றி நம் கருத்து என்ன என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அன்றிரவு என் மாணவரின் வீட்டில் உறக்கம் வரவில்லை. என் மனத்தில் வந்து நின்றவர் எனக்குத் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியர். அவ்வாண்டில் அவர் எண்பதைத் தாண்டியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் பள்ளி ஆசிரியர் நாள் விழாவிற்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தேன். பத்து நிமிடம் பேசவேண்டியவர் ஐம்பது நிமிடம் பேசினார். சொன்னதையே சொன்னார்; பெயர்கள் மாறின; ஒரு கதை தொடங்கிய இடத்திலேயே மீண்டும் தொடங்கியது. இளம் ஆசிரியர்கள் கைப்பேசியைப் பார்த்தனர். முன்வரிசையில் இருந்த நான் புன்னகை மாறாமல் தலையசைத்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் நன்றியுரையை அமைத்துக்கொண்டிருந்தேன். பொன்னாடை போர்த்தினோம். தங்கள் உரை தேனாக இனித்தது என்று ஒலிபெருக்கியிற் கூறினேன். காரில் ஏறும்போது அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "பேச்சு எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டார். "ரொம்ப நன்றாக இருந்தது சார்" என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பார்வையின் பொருள் போர்தோ நகரில், ஓராண்டு கழித்து, எனக்கு விளங்கியது.

அதற்குப் பின் இவ்வளவும் என்னைப் பற்றியதுதானோ என்றும் எண்ணத் தொடங்கினேன். இன்று எனக்கு அகவை ஐம்பத்தெட்டு. ஓய்வுக்கு இரண்டாண்டுகள் உள்ளன. பணிமனைகளில் நான் பேசி முடித்ததும் இளைய ஆசிரியர்கள் வந்து மிகச் சிறப்பு என்கிறார்கள். அவர்கள் குவளையைச் சுவைத்தனரா, சீட்டைப் படித்தனரா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. கேட்டாலும் என்ன சொல்வார்கள் என்பதை நானே அவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன்.

புறப்படும் நாளில் விடைபெறச் சென்றோம். முதியவர் சமையலறையிலிருந்த ஒரு மண்சாடியைத் திறந்து காட்டினார். அந்த மதுவின் மிச்சத்தை வண்டல் நீக்கி அதில் ஊற்றியிருந்தார். காடி ஆக்குவதற்கு. பிரெஞ்சு மொழியில் காடிக்குரிய சொல்லுக்கே புளித்த மது என்பதுதான் பொருள் என மாணவர் விளக்கினார். நான் அவரிடம், அன்று நான் சொன்னது மெய்யன்று, அந்த மணத்தை நான் தவறவிட்டேன் என்பதை அப்படியே மொழிபெயர்க்கும்படி கூறினேன். முதியவர் சிரித்தார். மாணவர்களும் அப்படித்தான், விடுமுறை தொடங்கும் நாளில்தான் உண்மையைச் சொல்வார்கள் என்றார்.

ஊர் திரும்பியபின் 2020 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஆசிரியரின் வீட்டிற்குச் சென்றேன். அந்த விழாவின் ஒளிப்பதிவு பள்ளியில் இருந்தது. அதனை முதன்முறையாக, ஐம்பது நிமிடமும், குறிப்பேட்டோடு உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சென்றிருந்தேன். தேநீர் வந்தது. அவராகவே பழைய கதை ஒன்றைத் தொடங்கினார்; இம்முறை நான் தலையசைக்கவில்லை. "சார், அந்த உரையைப் பற்றி அன்றைக்கு நான் சொன்னது சரியில்லை" என்றேன். "நீளமாகிவிட்டது. ஒரே கதை மூன்று முறை வந்தது. ஆனால் முப்பத்து நான்காவது நிமிடத்தில் ழகரம் கற்பிப்பது பற்றி ஒன்று சொன்னீர்கள். அதை எழுதி வைத்திருக்கிறேன். இத்தனை ஆண்டுப் பணியில் நான் யாரிடமும் கேட்டிராதது."

அவர் முகம் முதலில் சுருங்கியது. மூன்று முறையா என்று கேட்டார். ஆம் என்றேன். பிறகு, "என்ன எழுதினாய், படி பார்ப்போம்" என்றார், ஐந்தாம் வகுப்பில் கேட்ட அதே குரலில்.

படித்தேன். குழந்தை ழகரத்தைப் பிழையாக ஒலித்தால் உடனே திருத்தவேண்டாம். நாக்கைத் தொட்டுக் காட்டவும் வேண்டாம். நல்ல ஒலியைக் கேட்கக் கேட்கத் தன் பிழை அதற்கே ஒரு நாள் காதில் விழும். அதுவரை காதைப் பழக்கு. காது தேறிய பின்புதான் நாக்குத் தேறும்.

கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். "பழக்கு என்று நான் சொல்லியிருக்கமாட்டேன். பழகவிடு" என்றார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அவரே திருத்தினார்.